ஓடிப்போன நாயின் தடத்தில் ஒரு புதையல் வேட்டை: முதன்முறை ஜியோகேஷ் வைப்பவர்களுக்கான வழிகாட்டி

கடந்த ஆண்டு, கனடாவின் பொது விடுமுறையான விக்டோரியா தினத்தின் இரவில், எங்கள் தெருவில் வாணவெடிகள் வெடிக்கத் தொடங்கிய சில நொடிகளில், எங்கள் நாய் ஜிம்மி பின்வளவுக் கதவின் கீழிடுக்கால் நுழைந்து ஓடிவிட்டது. மூன்று இரவுகள் அது வீடு திரும்பவில்லை. நான்காம் நாள் காலையில், ஹைலண்ட் கிறீக் என்னும் ஓடை ஒன்ராறியோ ஏரியில் விழும் இடத்துக்குக் கிழக்கே, வால் முழுவதும் ஒட்டுமுட்களும் முன்காலில் ஒரு கீறலுமாக, முன்பின் தெரியாத ஒருவர் பிய்த்துப் போட்ட ரொட்டியைக் கரையோரக் கற்களுக்கிடையில் நின்று தின்றுகொண்டிருந்ததைக் கண்டோம். இடைப்பட்ட நாட்களில் அதைப் பார்த்ததாக ஏழு பேர் தகவல் தந்திருந்தார்கள். அந்த ஏழு இடங்களையும் வரைபடத்தில் இணைத்துப் பார்த்தபோது, ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவின் பள்ளத்தாக்கு வழியாக ஏரிவரை ஒரு நீண்ட நடைபாதை தெரிந்தது. அதை மற்றவர்களும் நடந்து பார்க்கும்படி ஒரு ஜியோகேஷ் ஆக்க வேண்டும் என்று அன்றே முடிவு செய்தேன்.

அது வெளியாவதற்குப் பதினொரு வாரங்கள் ஆயின. இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டது. அந்தப் பதினொரு வாரங்களில் குறைந்தது ஐந்தையாவது நீங்கள் மிச்சப்படுத்திக்கொள்ளலாம் என்பதால் இதை எழுதுகிறேன்.

ஜியோகேஷிங் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்கு: ஒருவர் நீர்புகாத ஒரு பெட்டியை வெளியிடத்தில் மறைத்து வைத்து, அதன் ஆள்கூறுகளை, அதாவது அகலாங்கு நெட்டாங்கு எண்களை, ஜியோகேஷிங் டாட் காம் தளத்தில் வெளியிடுவார். மற்றவர்கள் கைப்பேசியின் ஜிபிஎஸ் துணையோடு அதைத் தேடிக் கண்டுபிடித்து, உள்ளிருக்கும் பதிவேட்டில் பெயர் எழுதி, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பார்கள். பெட்டியைத் தேடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. புதிதாக ஒன்றை வைப்பதற்குத்தான் விதிகள் உண்டு.

1. முதலில் இருபது பெட்டிகளைக் கண்டுபிடியுங்கள்

இருபது என்பது தளமே தரும் பரிந்துரை. கட்டாயம் இல்லை என்பதற்காக இதைத் தாண்டிச் செல்லாதீர்கள். பிறர் வைத்த பெட்டிகளில் எது ஈரமாகிப் பூஞ்சை பிடித்திருக்கிறது, எது ஐந்து ஆண்டுகள் கழித்தும் காய்ந்த தாளோடு இருக்கிறது என்று கையால் தொட்டுப் பார்க்காமல், நல்ல பெட்டி எது என்பது விளங்காது. இலவசக் கணக்கே இதற்குப் போதும். இருபதில் நான்கைந்தாவது, பல நிலைகளைக் கடந்து பெட்டியை அடையும் மல்டி கேஷ் வகையாக இருக்கட்டும். நீங்கள் வைக்கப்போவதும் அதுவே.

2. கதையை எழுதாதீர்கள், வரைபடத்தில் குறியுங்கள்

நான் செய்த பெரிய பிழை, முதல் வாரத்திலேயே கதையை நான்கு பக்கங்களுக்கு எழுதி முடித்ததுதான். ஜிம்மி எங்கே தூங்கியது, எங்கே தண்ணீர் குடித்தது என்றெல்லாம் எழுதிய பிறகு, அந்த இடங்களில் பாதியில் பெட்டி வைக்க முடியாது என்று தெரிந்தது. இடங்கள் உறுதியான பிறகே கதையைத் தொடுங்கள்.

ஒரு தாளில், நாய் காணப்பட்ட இடம், நாள், நேரம், அந்த நிலம் யாருடையது ஆகிய நான்கையும் வரிசையாக எழுதுங்கள். நான்காவது விவரமே பல இடங்களை வெட்டிவிடும். என் ஏழில் ஒன்று ஒரு வீட்டின் பின்வளவு. அது தனியார் நிலம். இன்னொன்று ஒரு தொடக்கப் பள்ளியின் வேலியோரம். பள்ளி வளவுகளிலும் அவற்றை ஒட்டியும் பெட்டி மறைக்கக் கூடாது. மூன்றாவது, மலைப்பாதைபோல் வளைந்து வரும் நடைபாதை ரயில் பாலத்தின் கீழ் நுழையும் இடம். இரண்டாம் இரவில் ஜிம்மி அங்கேதான் படுத்திருந்தது. ஓடும் ரயில் பாதையை ஒட்டிப் பெட்டி வைப்பதை, வெளியிடுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டியையும் சரிபார்க்கும் தளத்தின் மதிப்பாய்வாளர்கள் ஏற்பதில்லை, ஏற்கவும் கூடாது. தேடுபவர்கள் தண்டவாளத்தின் மேல் ஏறித் தேடிவிட்டால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

தகவல் தந்தவர்களின் பெயரையோ வீட்டு அடையாளத்தையோ கதையில் சேர்க்க வேண்டாம். “காலையில் தூண்டில் போட வந்த ஒருவர்” என்பதே போதும்.

3. எந்த வகை என்பதைத் தீர்மானியுங்கள்

பெட்டி ஒன்றே, ஆள்கூறு ஒன்றே என்றால் அது மரபு வகை. ஒரு நிலையிலிருந்து அடுத்த நிலைக்குக் குறிப்புத் தந்து, கடைசியில் பெட்டிக்கு அழைத்துச் செல்வது மல்டி கேஷ். ஒரு நாய் போன வழியைச் சொல்ல மல்டியைவிடப் பொருத்தமானது இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கதை வரிசையாகத் திறக்கிறது, நடப்பவர் இடையில் தாவ முடியாது. பெட்டியே இல்லாமல் கைப்பேசியில் மட்டும் நடக்கும் அட்வென்ச்சர் லேப் என்ற வகையும் இருக்கிறது. ஆனால் அதை உருவாக்குவதற்கான உரிமையைத் தளம்தான் தர வேண்டும். புதியவர் கேட்டவுடன் கிடைக்காது.

மல்டியில் எல்லா நிலைகளிலும் பொருள் வைக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே அங்கிருக்கும் ஓர் அறிவிப்புப் பலகையின் எண்ணையோ, ஓர் இருக்கையில் உள்ள பலகைகளின் எண்ணிக்கையையோ கேட்கும் கேள்வியாகவே ஒரு நிலையை அமைக்கலாம். பொருள் இல்லாத இந்த நிலைதான் என் கதையைக் காப்பாற்றியது. ரயில் பாலத்துக்கு வெகுமுன்னாலேயே பாதையோரப் பலகை ஒன்றில் நிலையை நிறுத்தி, அங்கிருந்து பாலத்தைப் பார்க்கச் சொன்னேன். என் மல்டியில் ஐந்து நிலைகள்: இரண்டில் குறிப்பை உள்ளே வைத்த சிறு பிளாஸ்டிக் குழாய், இரண்டில் கேள்வி மட்டும், ஐந்தாவது இறுதிப் பெட்டி.

4. 161 மீற்றர் விதி

பெட்டியோ குழாயோ வைக்கும் ஒவ்வோர் இடமும், மற்றவர்களுடைய பெட்டிகளிலிருந்து குறைந்தது 161 மீற்றர், அதாவது மைலில் பத்தில் ஒரு பங்கு, தள்ளியிருக்க வேண்டும். உங்கள் மல்டிக்குள்ளேயே உள்ள நிலைகளுக்கிடையில் இந்தத் தூரம் தேவையில்லை. பொருள் இல்லாத நிலைகளுக்கும் தேவையில்லை.

வரைபடத்தைப் பார்த்து “இங்கே எதுவும் இல்லை” என்று முடிவு செய்வதுதான் இங்குள்ள பொறி. மற்றவர்களுடைய மல்டிகளின் இடைநிலைகளும், புதிரை விடுவித்தால்தான் இடம் தெரியவரும் புதிர்ப் பெட்டிகளின் உண்மையான இடங்களும் வரைபடத்தில் தெரியாது. நான் தேர்ந்தெடுத்த இறுதி இடம், கண்ணுக்குத் தெரியாத இன்னொருவருடைய புதிர்ப் பெட்டியிலிருந்து 90 மீற்றரில் இருந்தது. எல்லாவற்றையும் வைத்து முடித்துச் சமர்ப்பித்த பிறகே அது தெரிந்ததால், முதல் தடவை அதற்காகவே திருப்பி அனுப்பினார்கள்.

தவிர்க்கும் வழி எளிது. பெட்டி வாங்குவதற்கு முன்பே தளத்தில் ஒரு வரைவுப் பக்கத்தை உருவாக்கி, எல்லா நிலைகளின் ஆள்கூறுகளையும் சேர்த்து, “இந்த இடங்கள் காலியாக உள்ளனவா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்” என்று மதிப்பாய்வாளருக்குக் குறிப்பு எழுதி அனுப்புங்கள். ஊதியம் இல்லாமல் தொண்டாக இந்த வேலையைச் செய்பவர்கள் அவர்கள். தெளிவாகக் கேட்டால் தெளிவாகப் பதில் வருகிறது.

5. நில அனுமதி

பெட்டியைச் சமர்ப்பிக்கும்போது, நிலத்துக்கு உரியவரின் அனுமதி பெற்றிருப்பதாக நீங்கள் உறுதி தருகிறீர்கள். பொது நிலம்தானே என்று விட்டுவிடாதீர்கள். ரொறன்ரோவின் பள்ளத்தாக்கு நிலங்களில் பலவும் வட்டாரப் பாதுகாப்பு அதிகாரசபைக்குச் சொந்தமாகவும் நகரசபையின் பராமரிப்பிலும் இருக்கின்றன. சற்றுக் கிழக்கே போனால், ரூஜ் ஆற்றின் முகத்துவாரமும் அங்குள்ள ஏரிக்கரை மணற்பரப்பும் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்குள் வருகின்றன. அது மத்திய அரசின் பார்க்ஸ் கனடாவின் கீழ் உள்ளது. ஒரே நடையில் மூன்று நிர்வாகங்கள். என் முதல் கடிதம், அந்த நிலத்தோடு தொடர்பே இல்லாத அலுவலகத்துக்குப் போய்விட்டதை மூன்று வாரம் கழித்தே அறிந்தேன். முதலில் தொலைபேசியில் அழைத்து, “இந்த இடத்துக்கு யார் பொறுப்பு?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பிறகு எழுதுங்கள்.

கடிதத்தில் இவை இருக்கட்டும்: உங்கள் பெயரும் தொடர்பு எண்ணும், பெட்டியின் அளவும் ஒளிப்படமும், வைக்கப்போகும் இடத்தின் ஆள்கூறும், அந்த இடத்தைப் பாதையிலிருந்து எடுத்த ஒளிப்படமும், நிலத்தைத் தோண்டமாட்டேன், மரத்தில் ஆணி அடிக்கமாட்டேன் என்ற உறுதி, நீங்கள் சொன்னால் உடனே அகற்றுவேன் என்ற ஒப்புதல். ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பதில் மின்னஞ்சலைச் சேமித்து, அதன் விவரத்தை மதிப்பாய்வாளர் குறிப்பில் சேர்த்துவிடுங்கள். இதற்கு ஆறு வாரங்கள் ஒதுக்குங்கள். முன்னதாக வந்தால் நல்லது.

6. பெட்டிகளும் செலவும்

ஸ்காபரோவில் பெட்டி மூன்று எதிரிகளைத் தாங்க வேண்டும்: மழைக்குப் பின் வேகமாக உயரும் ஓடை, பனிக்காலம், ராக்கூன். இறுதிப் பெட்டிக்கு, நான்கு பக்கமும் பூட்டும் மூடியும் ரப்பர் வளையமும் உள்ள ஒரு லிற்றர் உணவுப் பெட்டியை வாங்குங்கள். இடைநிலைகளுக்கு, சோடாப் போத்தலை ஊதிப் பெருக்குவதற்கு முன் இருக்கும் தடித்த பிளாஸ்டிக் குழாய் மிகச் சிறந்தது. விரல் நீளமே இருக்கும், மூடியைத் திருகினால் சொட்டு நீர் புகாது. பழைய பிலிம் டப்பாவை யாராவது இலவசமாகத் தந்தாலும் வேண்டாம். ஒரு மழைக்காலத்தில் உள்ளே கூழ்தான் மிஞ்சும்.

எனக்கு ஆன செலவு, கனடிய டொலரில்: இறுதிப் பெட்டி 9, இரண்டு குழாய்கள் 5, நீர்புகாத் தாளால் ஆன குறிப்பேடு 12, ஒட்டுச்சீட்டுகள் 3, பின்னால் சொல்லப்போகும் உலோகத் தகடு 9. மொத்தம் 38. ஒரு குழாய் வெள்ளத்தில் போனதால் மாற்றுப் பொருள்களுக்கு மேலும் 14. தளத்தில் பெட்டி வெளியிடக் கட்டணம் இல்லை.

பதிவேட்டோடு பென்சில் வையுங்கள். பேனா மை குளிரில் உறைந்துவிடுகிறது. பெட்டியின் வெளிப்புறத்தில், இது ஜியோகேஷ் விளையாட்டுப் பெட்டி, தீங்கற்றது என்று பெரிய எழுத்தில் ஆங்கிலத்தில் எழுதி, அதன் குறியீட்டு எண்ணையும் சேர்த்துவிடுங்கள். நகரத்தில் அடையாளம் இல்லாத பெட்டியைக் கண்டால் மக்கள் பொலிஸை அழைப்பது இயல்பு.

நாய்க் கதை என்பதால், உள்ளே நாய் பிஸ்கட் வைக்க வேண்டும் என்று என் மகள் மிகவும் ஆசைப்பட்டாள். உணவுப் பொருள் எதையும் பெட்டியில் வைக்கக் கூடாது என்பது விதி, அதற்கான காரணமும் உண்மையானது: மூடியிருந்தாலும் மணம் பிடித்து ராக்கூன்கள் பிளாஸ்டிக்கைக் கடித்துத் திறந்துவிடும். அதற்குப் பதிலாக, கம்பளி நூலால் பின்னிய விரல் உயர நாய்ப் பொம்மையை வைத்தோம். அதன் கழுத்தில் டிராவல் பக் என்னும் தகடு தொங்குகிறது. பார்ப்பதற்கு அது நாயின் கழுத்துத் தகடு போலவே இருக்கும். ஒவ்வொன்றிலும் தனி எண் பொறித்திருக்கும். கண்டெடுப்பவர் அந்த எண்ணைத் தளத்தில் பதிந்து, பொம்மையை வேறொரு பெட்டிக்குக் கொண்டுபோய் வைப்பார். அது போகும் வழி முழுவதும் வரைபடத்தில் தெரியும். தகட்டின் எண் தெரியும்படி ஒளிப்படம் எடுத்து எங்கும் போடாதீர்கள். பொம்மையைத் தொடாதவர்களும் அந்த எண்ணை வைத்துப் பொய்யாகப் பதிவு செய்துவிடுவார்கள்.

7. ஆள்கூறு எடுத்தல்

திறந்த வானத்தின் கீழ் கைப்பேசி ஏறக்குறைய ஐந்து மீற்றர் துல்லியம் தரும். இலையடர்ந்த பள்ளத்தாக்கில் அது கெட்டுவிடும். ஆகவே ஒவ்வோர் இடத்திலும் கைப்பேசியைப் பெட்டியின் மேல் ஐந்து நிமிடம் வைத்திருந்து எண்ணைக் குறியுங்கள்; இன்னும் இரண்டு வேறு நாட்களில் திரும்ப எடுத்து, மூன்றுக்கும் சராசரி காணுங்கள்.

எண் எழுதும் முறையில்தான் பெரும்பாலானோர் விழுகிறார்கள். இந்த விளையாட்டு, பாகையும் (டிகிரி) தசமக் கலையும் (பாகையின் அறுபதில் ஒரு பங்கு) கொண்ட முறையைப் பயன்படுத்துகிறது. கைப்பேசி வரைபடம் 43.775 என்று தசமப் பாகையில் காட்டினால், அது இங்கே 43 பாகை 46.500 கலை, ஏனெனில் 0.775 ஐ 60 ஆல் பெருக்க வேண்டும். அந்த 46.500 ஐ 46 கலை 50 விகலை (கலையின் அறுபதில் ஒரு பங்கு) என்று படித்துவிட்டால் இடம் ஏறத்தாழ 600 மீற்றர் வடக்கே நகர்ந்துவிடும். ஏரிக்கரையில் இருக்க வேண்டிய என் நான்காம் நிலை, முதல் வரைவில் இப்படித்தான் யாரோ ஒருவருடைய வீட்டு வாசலில் போய் நின்றது. புள்ளிக்குப் பின் மூன்றாம் இலக்கத்தில் ஒன்று மாறினால், வடக்குத் தெற்காக இரண்டு மீற்றருக்குச் சற்றுக் குறைவான மாற்றம் மட்டுமே; இரண்டாம் இலக்கத்தில் மாறினால் பதினெட்டு மீற்றருக்கு மேல். எழுதியதை இன்னொருவரிடம் கொடுத்து நடந்து பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் உடன் போகவும் கூடாது, வழி சொல்லவும் கூடாது.

கேள்விகளின் விடைகளால் இறுதி ஆள்கூறு அமையுமானால், எல்லா இலக்கங்களின் கூட்டுத்தொகையையும் பெட்டியின் இணையப் பக்கத்தில் கொடுத்துவிடுங்கள். ஒரு விடை பிழைத்தவர், தவறான இடத்தில் புதரைக் கலைப்பதற்கு முன் அதை அறிந்துகொள்வார்.

8. பக்கத்தை எழுதுதல்

இப்போது கதையை எழுதலாம். ஒவ்வொரு நிலைக்கும் ஐந்தாறு வரிகள் போதும். மக்கள் நின்றபடி, சிறு திரையில் படிப்பார்கள். ஆங்கிலத்தோடு தமிழிலும் எழுதினேன், தளம் அதற்குத் தடை சொல்லவில்லை.

இரண்டாம் தடவை என் பக்கம் திருப்பி அனுப்பப்பட்டது இந்தக் கட்டத்தில்தான். ஜிம்மியின் சுவரொட்டியைக் கண்ணாடியில் ஒட்ட அனுமதித்த கடைக்கும், தேட உதவிய விலங்குக் காப்பகத்துக்கும் பெயர் சொல்லி நன்றி எழுதி, காப்பகத்துக்கு நன்கொடை தரும்படியும் கேட்டிருந்தேன். வணிக நிறுவனப் பெயர்களுக்கும், எவ்வளவு நல்ல நோக்கமானாலும் வேண்டுகோள்களுக்கும் பெட்டிப் பக்கத்தில் இடமில்லை. எனக்கு வருத்தமாக இருந்தாலும் இரண்டையும் நீக்கி, நன்றியை நேரில் போய்ச் சொன்னேன்.

கடினம், நிலப்பாங்கு என்ற இரண்டு மதிப்பீடுகளையும் ஒன்றிலிருந்து ஐந்துவரை நேர்மையாகக் கொடுங்கள். நிலப்பாங்கு ஒன்று என்றால் சக்கர நாற்காலியில் வருபவரும் எட்ட முடிய வேண்டும். முழு நடைக்கு எவ்வளவு நேரமாகும் என்று எழுதுங்கள். என் வழியில் போவதற்கு மட்டுமே இரண்டு மணி நேரத்துக்கு மேல். இறுதிப் பெட்டியை ரூஜ் ஹில் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வைத்ததற்கு, வந்தவர்கள் மீண்டும் அத்தனை தூரம் நடக்க வேண்டாம் என்பதே காரணம்.

பலரும் தங்கள் நாயோடு வருவார்கள். பூங்காக்களில் இரண்டு மீற்றருக்கு மேற்படாத வாரில் நாயைப் பிடித்திருக்க வேண்டும் என்பது ரொறன்ரோ நகர விதி என்பதையும், பள்ளத்தாக்கில் உண்ணியும், தொட்டால் தோல் கொப்புளிக்கும் பொய்சன் ஐவி என்னும் மூவிலைச் செடியும் உண்டு என்பதையும் கட்டாயம் எழுதுங்கள். பெட்டியைப் பாதையிலிருந்து மூன்று அடிக்குள் வைத்தால் அந்தச் செடிக்குள் யாரும் கால் வைக்க நேராது.

9. சமர்ப்பித்தல்

பொதுவாக ஏழு நாட்களுக்குள் மதிப்பாய்வாளரிடமிருந்து முதல் பதில் வரும். பெட்டிகள் எல்லாம் அவற்றின் இடத்தில் வைக்கப்பட்ட பிறகே சமர்ப்பியுங்கள். வெளியான சில நிமிடங்களிலேயே முதலாவதாகக் கண்டுபிடிக்க ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் சாமன் மீன்கள் ஹைலண்ட் கிறீக்கில் எதிர்நீச்சலிட்டு ஏறுவதைப் பார்க்கப் பெருங்கூட்டம் வரும். அப்போது யாரும் கவனிக்காமல் ஒரு குழாயை எடுத்துத் திரும்ப வைப்பது இயலாது. மே அல்லது ஜூன் மாதம் வெளியிடுவது நல்லது. அதற்கு ஜனவரியிலேயே அனுமதிக் கடிதத்தை எழுதிவிட வேண்டும்.

10. வெளியான பின்

பெட்டி குறைந்தது மூன்று மாதமாவது இருக்க வேண்டும் என்பது விதி. அதைப் பராமரிப்பது உங்கள் பொறுப்பு. மாதம் ஒரு முறையும், ஒவ்வொரு பெருமழைக்குப் பின்பும் போய்ப் பாருங்கள். யாராவது “காணவில்லை” என்று இரண்டு முறை பதிந்தால், பக்கத்தைத் தற்காலிகமாக முடக்கிவிட்டு உடனே செல்லுங்கள். என் மூன்றாம் நிலைக் குழாயை ஓடை கொண்டுபோனபோது நான் ஆறு நாள் தாமதித்தேன். அதற்குள் இரண்டு குடும்பங்கள் வந்து, பாதி வழியில் திரும்பியிருந்தன. இப்போது அந்தக் குழாய், தண்ணீர் ஏறிய அடையாளம் மரங்களில் தெரியும் மட்டத்துக்கு ஓர் ஆள் உயரம் மேலே இருக்கிறது. புதிய குழாய் ஒன்றும் பதிவேடு ஒன்றும் எப்போதும் காரில் கிடக்கின்றன. ஜிம்மியையும் கூட்டிக்கொண்டே போகிறேன். அந்த ரயில் பாலத்தின் கீழ் வந்ததும் அது வாரை இழுத்துக்கொண்டு, அன்று படுத்திருந்த கல்லருகே போய் ஒரு நிமிடம் மோந்துவிட்டுத்தான் நகரும்.